பாசறை அடுப்பும் பட்டாளத்துக் கடிதமும்
(மெசபொட்டேமியப் போர்முனை, 1914–1918)

போர் வரலாறு என்றால் தளபதிகளின் பெயர்களும், கோட்டைகள் வீழ்ந்த நாட்களும், கொடி ஏறிய இடங்களுமே நம் பாடநூல்களில் நிரம்பக் காணப்படுகின்றன. அத்தளபதியின் பின்னே நடந்தவன் அன்று காலை என்ன உண்டான், அவனுக்கு அடுப்பு மூட்டியவன் யார், தண்ணீர் சுமந்தவன் யார், வீட்டிலிருந்து வந்த கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டியவன் யார் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை அருகியே கிடைக்கும். கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் பட்டாளத்துச் சோற்றையும் தபாலையும் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். நம் மக்களுள் பட்டாளம் சென்றோர் பலர். அவர்களுள் துப்பாக்கி ஏந்தியோரைவிட மண்வெட்டியும் அகப்பையும் தோற்பையும் துடைப்பமும் ஏந்தியோரே மிகுதி. அவர்கள் வரலாற்றை அடுப்படியிலிருந்தும் தபால் பையிலிருந்தும் தொடங்கினாலன்றி எழுத இயலாது என்பதே நம் விடை.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது முதல் உலகப் போரின் மெசபொட்டேமியப் போர்முனை. இன்றைய ஈராக் நாடு அது. 1914 நவம்பரில் இந்தியப் படை பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில் இறங்கியது. அம்மாதமே பஸ்ரா நகர் கைப்பற்றப்பட்டது. போர் முடியும் 1918 நவம்பர் வரை இந்தியாவிலிருந்து அம்முனைக்குச் சென்றோர் ஏறத்தாழ 5 லட்சத்து 88 ஆயிரம் பேர். இத்தொகையில் ஏறக்குறையச் சரிபாதி படைக்கலம் ஏந்தாத பணியாளர்கள் என்பதை இளைஞர்கள் நினைவில் இருத்த வேண்டும். கோவேறு கழுதை ஓட்டியவர், டோலி தூக்கியவர், சமைத்தவர், துணி வெளுத்தவர், கழிவிடம் துப்புரவு செய்தவர், சாலை போட்டவர், கப்பலில் மூட்டை இறக்கியவர் யாவரும் அந்தப் பாதியில் அடங்குவர். சிறைகளிலிருந்து திரட்டப்பட்ட கைதிகளின் கூலிப் பிரிவுகளும் 1916 முதல் அங்கே அனுப்பப்பட்டன.

அந்நாட்டின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். டைகிரிஸ், யூப்ரடீஸ் என்னும் இரு பேராறுகளுக்கு இடையே கிடக்கும் களிமண் சமவெளி அது. கோடையில் வெயில் 120 பாகையைத் தாண்டும். குளிர்காலத்தில் இரவு உறையும். வசந்தத்தில் மலைப்பனி உருகி ஆறு பெருகி, பாசறைகளை நீர் சூழும். ஆற்றங்கரைப் பேரீச்சந் தோப்புகளை நீக்கினால் மரம் அரிது. எனவே அரிசியும் மாவும் மட்டுமன்றி அடுப்பெரிக்க விறகும் கப்பலேறி வர வேண்டியதாயிற்று. நல்ல சாலை இல்லை. தொடக்கத்தில் இருப்புப்பாதையும் இல்லை. உணவு, மருந்து, வெடிமருந்து, தபால் அனைத்துக்கும் டைகிரிஸ் ஆறு ஒன்றே வழி. ஆற்றில் செல்லத்தக்க கப்பல்களோ மிகச் சில. மூட்டை ஏற்றினால் காயம்பட்டோருக்கு இடமில்லை. காயம்பட்டோரை ஏற்றினால் மாவு மூட்டைக்கு இடமில்லை. இந்தப் போர்முனையில் நேர்ந்த துன்பங்களுள் பெரும்பகுதிக்கு மூலம் இந்தக் கப்பல் பஞ்சமே.

இனி அடுப்படிக்கு வருவோம்.

இந்தியச் சிப்பாய்க்கு ஏட்டில் வகுக்கப்பட்ட நாட்படி ஒன்றரை ராத்தல் கோதுமை மாவு, 4 அவுன்சு பருப்பு, 2 அவுன்சு நெய், சிறிது வெல்லம், உப்பு, மிளகாய், மஞ்சள், இஞ்சி, பூண்டு என்பன. இறைச்சியும் உருளைக்கிழங்கும் பட்டியலில் உண்டு. ஆனால் ஆற்று வழி அடைபட்டால் முதலில் நின்றுபோவன அவையே. அரிசி உண்போர்க்கு மாவுக்கு மாற்றாக அரிசி வழங்கப்பெறும். ஆங்கிலச் சிப்பாய்க்கோ வெள்ளை மாவு ரொட்டி, இறைச்சி, பழக்கூழ் எனத் தனிப்படி. ஒரே பாசறை, ஒரே எதிரி, ஒரே குண்டு. படிப் பட்டியல் மட்டும் இரண்டு.

இந்தியப் படைக்குள்ளும் அடுப்பு ஒன்றன்று. சாதிக்கு ஓர் அடுப்பு, சமயத்திற்கு ஓர் அடுப்பு எனப் பிரித்து வைப்பதை ஆங்கில அதிகாரிகள் தம் ஆட்சித் திறமையின் ஓர் அங்கமாகவே கருதினர். தண்ணீர் சுமப்பவனின் சாதிகூடப் பார்க்கப்பட்டது. இதற்கு விலக்காக நின்ற பிரிவுகளும் உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சுரங்கப் படை, அதாவது நம் ஊர்களில் இன்றும் ‘சாப்பர்மைனர்’ என வழங்கப்பெறும் படை, அவற்றுள் ஒன்று. தமிழரும் தெலுங்கரும் நிறைந்த அப்படையில் நம் மக்களும் கிறித்தவரும் பெருந்தொகையினராக இருந்தனர். அடுப்பைப் பிரிக்காமல் கிடைத்ததை ஒருங்கே சமைத்துண்ணும் இவர்களின் இயல்பை அதிகாரிகளே பாராட்டி எழுதியுள்ளனர். ‘தம்பி’ என்பது அவர்களுக்குப் பட்டாளத்தில் வழங்கிய செல்லப்பெயர். அப்பாராட்டை எழுதிய அதே அரசுதான், ‘போர்க்குடி’ என்னும் கொள்கையைக் கைக்கொண்டு, 1892-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மகார் மக்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. தென்னாட்டுக் காலாட்படைகளையும் படிப்படியாகக் குறைத்தது. ஆள் பற்றாக்குறை வந்தபோது 1917-இல் 111-ஆம் மகார் படையை எழுப்பி, தேவை தீர்ந்ததும் 1921-இல் கலைத்ததும் அதுவே.

அடுப்பும் சாதியும் உயிரும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதைக் காட்டும் நிகழ்ச்சி குட் அல் அமாரா முற்றுகை.

1915 நவம்பர் இறுதியில் பாக்தாதை நோக்கிச் சென்ற தளபதி டவுன்செண்டின் ஆறாவது படைப்பிரிவு, டெசிபோன் என்னும் இடத்தில் பேரிழப்பு அடைந்து பின்வாங்கியது. காயம்பட்டோர் வில் இல்லாத மரவண்டிகளில் மேடுபள்ளங்களின் வழியே ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, படகுகளில் நாட்கணக்கில் கட்டு மாற்றாமல் கிடந்தனர். இதனைக் கண்டு வாய்திறந்த மருத்துவ அதிகாரி மேஜர் கார்ட்டர் முதலில் மேலதிகாரிகளின் கண்டிப்புக்கு ஆளானார். பின்னர் விசாரணைக்குழு அமைந்து, அதன் அறிக்கை 1917-இல் வெளிவந்தபோது அவர் கூற்று மெய்யென ஆயிற்று. இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார்.

பின்வாங்கிய படை, டைகிரிஸ் ஆற்றின் வளைவில் அமைந்த குட் நகரில் தங்கியது. 1915 டிசம்பர் 7-ஆம் நாள் துருக்கியர் அதனைச் சூழ்ந்துகொண்டனர். உள்ளே இருந்த போர்வீரர் ஏறத்தாழ 10 ஆயிரம். பணியாளர் சுமார் 3,500. நகர மக்கள் சுமார் 6 ஆயிரம். முற்றுகை 1916 ஏப்ரல் 29 வரை நீடித்தது.

முதலில் இருப்பு குறைவெனக் கணக்கிட்டுச் செய்தி அனுப்பினார் டவுன்செண்ட். அதனால் மீட்புப்படை ஆயத்தமின்றி விரைந்து வந்து, சேற்றிலும் மழையிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தது. பின்னர் நகர வீடுகளைச் சோதித்தபோது வாற்கோதுமை பெருமளவில் அகப்பட்டது. முதல் மாதமே இச்சோதனை நடந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்னும் கேள்வி எழாமலில்லை. அகப்பட்ட வாற்கோதுமையை அரைக்க எந்திரம் போதவில்லை. ஆகாய விமானத்திலிருந்து திரிகைக்கல் போடப்பட்டது! கீரை வளர்க்க விதைகள் போடப்பட்டன. பசி தெரியாதிருக்க அபினியும் வந்தது. புகையிலை தீர்ந்த பின் தேயிலைத் தூளையும் காய்ந்த இலைகளையும் சுருட்டிப் புகைத்தனர். தரையில் முளைத்த களைகளைக் கீரையெனப் பறித்துண்டு நஞ்சேறியவர்களும் உண்டு.

1916 ஜனவரி இறுதியில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் வெட்டத் தொடங்கினர். ஆங்கிலச் சிப்பாய்கள் அவ்விறைச்சியை உண்டனர். இந்தியச் சிப்பாய்களுள் பெரும்பாலோர் மறுத்தனர். இந்தியாவிலிருந்து சமயத் தலைவர்களின் இசைவு கம்பியில்லாத் தந்தி வழி பெறப்பட்டு அறிவிக்கப்பட்டது. அப்போதும் பெரும்பாலோர் இணங்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. தலைவர் இசைந்தாலும் ஊர் இசையுமா? திரும்பிச் சென்றால் ஊரார் என்ன சொல்வர்? எம் மகளை யார் கொள்வார்? மூவாயிரம் கல் தொலைவில், பகைவர் சூழ்ந்த ஊரில், நாளை உயிரோடிருப்போமா என்று அறியாத நிலையிலும் ஊரின் கண் அவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்தில் மாவின் அளவு நாளொன்றுக்கு 5 அவுன்சு, 4 அவுன்சு எனச் சுருங்கிய பின்னரே ஆயிரக்கணக்கானோர் குதிரை இறைச்சி உண்ண முன்வந்தனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

உண்ணும் உணவைக் கொண்டு மனிதனைத் தாழ்த்தி அளந்த வழக்கத்தை நாம் நம் ஊர்களில் நன்கறிவோம். அதன் வடு நம்மிடம் உண்டு. குட் நகரில் அவ்வழக்கம் அதனைக் கட்டிக்காத்தவர் உயிரையே தின்றது. இதை நாம் எள்ளலுக்காகச் சொல்லவில்லை. பசித்து மெலிந்து காவல் நின்ற அந்த ஏழை உழவர் மகன், ஊரின் தண்டனைக்கு அஞ்சியவன். அவ்வச்சம் எத்தகையதென்று நம்மைவிட அறிந்தவர் யார்?

மருத்துவ நூலோர் இன்றும் எடுத்துக்காட்டும் செய்தி ஒன்று இம்முற்றுகையில் உண்டு. ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது, இந்தியருக்கு வரவில்லை. இந்தியருக்கு ஸ்கர்வி வந்தது. ஆங்கிலேயருக்கு அவ்வளவாக வரவில்லை. ஈறு வீங்கிக் குருதி கசிந்து, பழைய புண்ணும் வாய் பிளக்கும் நோய் ஸ்கர்வி. காரணம் தட்டிலேயே இருந்தது. தவிடு நீக்கிய வெள்ளை மாவை உண்டவனுக்குத் தவிட்டில் உள்ள சத்து கிட்டவில்லை. உமியோடு ஒட்டி அரைத்த மாவை உண்டவனுக்கு அது கிட்டியது. வெள்ளை மாவு தீர்ந்து, ஆங்கிலேயரும் தவிடு சேர்ந்த மாவை உண்ணத் தொடங்கியதும் அவர்களிடை பெரிபெரி தணிந்தது. புதிய இறைச்சியிலுள்ள சிறிதளவு சத்து ஆங்கிலேயரை ஸ்கர்வியினின்று காத்தது. இறைச்சியும் காய்கறியும் இல்லாத இந்தியரை அந்நோய் வீழ்த்தியது. வைட்டமின் என்னும் சொல்லே அப்போது புதிது.

ஆங்கில அதிகாரிகள் எழுதிய நூல்கள் இதனை இந்தியரின் சாதிப் பிடிவாதம் என்று கூறி முடித்துவிடுகின்றன. நாம் அதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. முற்றுகை இல்லாத இடங்களிலும், அதே 1916-ஆம் ஆண்டில், மெசபொட்டேமியாவில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஸ்கர்வியால் மருத்துவமனை சேர்ந்தனர். அங்கே குதிரை இறைச்சி வினா எழவில்லை. இந்தியனுக்கு வகுத்த படியிலேயே பச்சைக் காய்கறியும் இறைச்சியும் போதாமல் இருந்ததும், வகுத்த சிறிதும் ஆற்றுவழி வந்து சேராததுமே அங்குக் காரணம். எலுமிச்சைச் சாறு என்று புட்டியில் அனுப்பிய சாறும் பயனற்றிருந்தது. அதன் காரணத்தை இலண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஹாரியட் சிக் முதலிய பெண் அறிஞர்கள் 1918-ஐ ஒட்டி வெளிப்படுத்தினர்: மேற்கிந்தியத் தீவுகளின் சிறுகாயச் சாறு, பெரிய எலுமிச்சையின் சாற்றில் கால்பங்கு வலிமையே உடையது. பயற்றை நனைத்து முளைகட்டினால் ஸ்கர்வியைத் தடுக்கும் சத்து அதில் உண்டாகும் என்பதையும் அவர்களே ஆய்ந்து நிறுவினர். ஒரு பிடி பயறு, ஈரத்துணி, இரண்டு நாள்! நம் தாய்மார் அடுக்களையில் அறிந்திருந்த முளைப்பயறு, பட்டாளத்திற்கு அறிவிக்கப்பட ஆயிரக்கணக்கானோர் ஈறு அழுக வேண்டியிருந்தது.

இறுதி நாட்களில் விமானங்கள் உணவு மூட்டைகளைக் குட் நகரில் வீசின. ஏப்ரல் நடுவிலிருந்து இரு வாரங்களில் சுமார் 16,800 ராத்தல் உள்ளே விழுந்தது. முற்றுகையிடப்பட்ட படைக்கு வானிலிருந்து உணவு அளிக்கும் முயற்சிகளுள் இது முதன்மையானது எனலாம்; ஆயினும் சில மூட்டைகள் ஆற்றிலும் சில துருக்கியர் அகழியிலும் வீழ்ந்தன. உள்ளே இருந்த வாய்களுக்கு ஆளுக்கு 4 அவுன்சு கொடுக்கவே நாளொன்றுக்கு 5 ஆயிரம் ராத்தல் வேண்டும். ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு 270 டன் உணவுடன் ‘ஜுல்நார்’ என்னும் கப்பல் முற்றுகையைக் கிழித்துச் செல்ல முயன்றது; ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் சிக்கியது. ஐந்தாம் நாள் படை சரணடைந்தது. சிறைப்பட்ட சுமார் 13 ஆயிரம் பேர் பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டனர். துருக்கியின் இருப்புப்பாதை வேலையிலும் சுரங்க வேலையிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மீட்கச் சென்ற படையில் வீழ்ந்தோரும் காயம்பட்டோரும் சுமார் 23 ஆயிரம் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இனித் தபால்.

போர்முனைத் தபால் நிலையங்களை நடத்தியது இந்திய அஞ்சல் துறை. இந்தியத் தபால்தலைகளின்மேல் ‘ஐ.இ.எஃப்.’ என எழுத்துப் பொறித்துப் போர்முனைக்கெனத் தனியே வெளியிட்டனர். சிப்பாயின் கடிதத்திற்குக் கட்டணம் இல்லை. பம்பாயிலிருந்து கப்பலில் பஸ்ரா வரை வரும் பை, அங்கிருந்து ஆற்றுக்கப்பலிலும் படகிலும் கழுதை முதுகிலும் மேலே செல்லும். பசி, காய்ச்சல், ஈ, வெயில் அனைத்தையும் பொறுத்தவன், பை வராத வாரத்தைப் பொறுக்க மாட்டான் என்பது எல்லாப் போர்முனைகளிலும் அறியப்பட்ட உண்மை.

ஆனால் கடிதம் வந்தால் மட்டும் போதுமா? 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியரில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர். நம் மக்களுள் அத்தொகையும் இல்லை. எனவே எழுதத் தெரிந்த ஒருவன் பலருக்கு எழுதினான்; படிக்கத் தெரிந்த ஒருவன் பலர் சூழப் படித்தான். மனைவியின் துயரமும், பங்காளி வரப்பை வெட்டிய செய்தியும், குழந்தை இறந்த செய்தியும் மூன்றாம் மனிதர் வாய்வழியே, பத்துப்பேர் கேட்கவே காதில் விழுந்தன. ஊரிலும் அந்நிலையே. சிப்பாயின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படிப்பறிந்த வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்று காத்திருக்க வேண்டியவள் நம் பாட்டி. திண்ணைமேல் அமர்ந்தவர் மனம் வைத்தால் படிப்பார், விரும்பியதைப் படிப்பார். பணவிடைத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவர் சொன்னதுதான். எழுத்தறியாமையால் நேர்ந்த இழப்பு சிப்பாயின் ஊதியத்திலேயே தொடங்கியது.

இதற்கு மேலே தணிக்கை. பிரான்சு முனையில் இருந்த இந்தியரின் கடிதங்களை மொழி அறிந்த அதிகாரிகள் படித்துச் சுருக்கம் எடுத்து வைத்தனர். அப்பிரிவுகள் பல 1915 இறுதியில் மெசபொட்டேமியாவுக்கு மாற்றப்பட்டன. சிப்பாய்களும் அறிவிலிகள் அல்லர். இந்தியரைக் கருமிளகு என்றும் ஆங்கிலேயரைச் செம்மிளகு என்றும் மறைமொழியில் குறித்து, கருமிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என எழுதி ஊருக்கு உண்மையை உணர்த்தினர். ஊரில் உள்ள தம்பியைப் பட்டாளத்தில் சேராதே என்று தடுப்பதற்கும் இத்தகைய மொழியே பயன்பட்டது. தணிக்கையாளரின் அச்சுருக்கங்கள் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. இந்தியச் சிப்பாயின் சொல் நமக்குக் கிடைப்பது அவனை ஒற்றறிந்தவனின் ஏட்டின் வழியே என்பது வரலாற்றின் விந்தை. அவ்வேடுகளில் உருது, இந்தி, குர்முகி, மராட்டி எழுத்துகளில் வந்த கடிதங்களே மிகுதி. துப்புரவாளரின் கடிதமும் தோற்பைக்காரரின் கடிதமும் மிக அரிது. எழுதவே வழியில்லாதவனைத் தணிக்கை செய்ய வேண்டிய தேவை எழவில்லை.

படைப்பள்ளியால் எழுத்தறிவு பெற்றவர்களும் உண்டு. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் சுபேதார் ராம்ஜி பட்டாளத்துப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். அப்பணிக்காலத்திலே, 1891 ஏப்ரல் 14-இல், மாவ் பாசறையில் பிறந்தவர் அம்பேத்கர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மகார் மக்களுக்குப் படை வாயில் அடைபட்டது. அடைபட்டது வேலை மட்டுமன்று, பள்ளியும்தான்.

குட் வீழ்ந்த பிறகு நிலைமை சீர்பட்டது. தளபதி மாட் பொறுப்பேற்றபின் கப்பல்கள் பெருகின. துறைமுகமும் இருப்புப்பாதையும் அமைந்தன. காய்கறித் தோட்டங்களும் பனிக்கட்டி ஆலைகளும் எழுந்தன. 1917 பிப்ரவரி 23-ஆம் நாள் ஷும்ரான் வளைவில் வெள்ளம் பெருகிய டைகிரிசைக் கடந்தபோது படகு செலுத்தியும் பாலம் இணைத்தும் உழைத்தோருள் சென்னைச் சுரங்கப் படையினரும் இருந்தனர். மார்ச் 11-இல் பாக்தாத் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே கோவேறு கழுதை ஓட்டிகளுக்கும் டோலி தூக்குவோருக்கும் ஊதியமும் நிபந்தனைகளும் உயர்த்தப்பட்டன. சமையற்காரரும் துப்புரவாளரும் தண்ணீர் சுமப்போரும் அப்போதும் கடைப்படியிலேயே நின்றனர்.

1929-இல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பினர். கல்லறை அறியப்படாத 40 ஆயிரத்து 500-க்கும் மேற்பட்டோர்க்கு உரியது அது. ஆங்கிலேயர் ஒவ்வொருவர் பெயரும், இந்திய அதிகாரிகள் பெயரும் பலகையில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் மாண்டோர் எண்ணிக்கையும் மட்டுமே. சதாம் உசேன் ஆட்சியில் 1997-இல் அச்சின்னம் பெயர்த்தெடுக்கப்பட்டு நசிரியா சாலையில் பாலைவனத்தில் நிறுத்தப்பட்டது. போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியரும் ஆப்பிரிக்கருமாகிய பல்லாயிரம் பேர் இவ்வாறு சமமின்றி நினைக்கப்பட்டனர் என ஒப்புக்கொண்டது.

கல்லில் இல்லாத பெயர்கள் நம் வீடுகளில் இருக்கலாம். தாத்தாவின் இரும்புப் பெட்டி, பித்தளைப் பதக்கம், மடித்து மஞ்சளேறிய பணவிடைத் துண்டு, ஐ.இ.எஃப். முத்திரை இட்ட உறை, படை எண் எழுதிய ஓய்வூதியத் தாள் இவற்றுள் எது இருப்பினும், உறுப்பினர்களும் இளைஞர்களும் அதனைப் பழைய தாளென்று எறிந்துவிடாமல் சங்க நூலகத்திற்குக் கொண்டுவந்து காட்டுமாறு வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். ஆவணம் இல்லாவிடினும், வீட்டு முதியோர் பஸ்ரா என்றோ பாக்தாத் என்றோ சொல்லக் கேட்டிருந்தால், அவர் பெயர், ஊர், தந்தை பெயர், செய்த வேலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.